குடிநீருக்கும் கழிப்பறைக்கும் பணம் எங்கிருந்து வருகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வளரும் நாடுகளில் குடிநீர், கழிப்பறை, கை கழுவும் வசதி ஆகியவற்றைப் பற்றிப் பேச்செடுத்தால் "நிதி இல்லை" என்ற ஒரே வரியில் பேச்சு முடிந்துவிடும். இந்தத் துறையின் கணக்குகளோடு சில காலம் மல்லுக்கட்டியதில், அந்த ஒரு வரிக்குள் பல வேறு கதைகள் ஒளிந்திருப்பது தெரிந்தது. மறுபடி மறுபடி என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளும் எனக்குத் தெரிந்த பதில்களும் இவை.

தண்ணீர், கழிப்பறை, சுகாதாரம் மூன்றையும் ஏன் ஒரே மூட்டையாகக் கட்டுகிறார்கள்?

நோய்க் கிருமி மூன்றையும் பிரித்துப் பார்ப்பதில்லை. குழாயில் நல்ல தண்ணீர் வந்தாலும், பக்கத்தில் கழிப்பறைக் குழி நிரம்பிக் கசிந்தால் வீட்டில் நோய் தங்கிவிடும். இரண்டும் ஒழுங்காக இருந்து, சோப்பு இல்லாவிட்டாலும் அதே கதைதான்.

பணம் என்று வந்தால் மட்டும் மூன்றும் மூன்று வழியில் போகின்றன. தண்ணீருக்கு மாதா மாதம் பில் போடலாம். கழிப்பறையைப் பெரும்பாலும் வீட்டுக்காரரே ஒருமுறை செலவழித்துக் கட்டிவிடுகிறார். கை கழுவும் பழக்கத்துக்கு பில்லும் போட முடியாது, திறப்பு விழாவும் நடத்த முடியாது. பட்ஜெட்டில் கத்தி விழும்போது முதலில் அதன் மேல்தான் விழும்.

மொத்தம் எவ்வளவு பணம் வேண்டும்?

முதலில் யாருக்கெல்லாம் இல்லை என்று பார்ப்போம். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து 2025இல் வெளியிட்ட கணக்கின்படி, சுமார் 210 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான குடிநீர் இல்லை. 340 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான கழிப்பறை ஏற்பாடு இல்லை. 170 கோடிப் பேருக்கு வீட்டில் சோப்பும் தண்ணீருமாகக் கை கழுவ வழியில்லை.

இதைச் சரிசெய்ய என்ன ஆகும் என்று உலக வங்கி 2016இல் 140 நாடுகளுக்குக் கணக்குப் போட்டது. 2030க்குள் எல்லோருக்கும் சேர வேண்டுமானால் ஆண்டுக்கு ஏறத்தாழ 11,400 கோடி டாலர் மூலதனம் வேண்டும். அப்போது போட்டுக்கொண்டிருந்த பணத்தைப்போல அது சுமார் மூன்று மடங்கு. இந்தத் தொகையை மேற்கோள் காட்டும் பலரும் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். இது கட்டுவதற்கான செலவு மட்டும்தான். கட்டியதை ஓட்டுவதற்கு ஆகும் மின்சாரம், குளோரின், சம்பளம், ரிப்பேர் எல்லாம் தனி.

போட்ட பணம் பல மடங்காகத் திரும்பும் என்கிறார்களே, அப்புறம் ஏன் யாரும் போடுவதில்லை?

நியாயமான கேள்வி. உலக சுகாதார நிறுவனத்தின் 2012 ஆய்வு, குடிநீரிலும் கழிப்பறையிலும் போடும் ஒவ்வொரு டாலருக்கும் சுமார் 4.3 டாலர் பயன் கிடைக்கும் என்றது. ஆனால் அந்தப் பயன் யார் பைக்குப் போகிறது என்று பாருங்கள். மருத்துவச் செலவு மிச்சமாவது குடும்பத்துக்கு. தண்ணீர் தூக்கும் நேரம் மிச்சமாவது பெரும்பாலும் பெண்களுக்கும் சிறுமிகளுக்கும். நோயில்லாமல் வேலைக்கு வரும் ஆட்களால் லாபம் தொழிற்சாலைக்கு. குழாய் போட்ட நீர் வாரியத்தின் கல்லாவில் இதில் ஒரு காசும் விழாது. வங்கி கடன் கொடுக்கும்போது சமூகம் அடைந்த பயனைப் பார்ப்பதில்லை, கல்லாவைத்தான் பார்க்கும். இந்த இடைவெளியை யாராவது நிரப்பியாக வேண்டும். அரசு இதில் ஏன் வந்தே ஆக வேண்டும் என்பதற்கு, எனக்குத் தெரிந்து, இதைவிட நல்ல வாதம் இல்லை.

கடைசியில் இது யாருடைய பணம்?

மூன்று பைகள்தான் உண்டு. பயன்படுத்துகிறவர் தரும் கட்டணம், குடிமக்கள் தரும் வரி, வெளிநாடுகளும் தொண்டு அமைப்புகளும் தரும் உதவி. வசதியான நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஇசிடி 2009 வாக்கில் இந்த மூன்றையும் ஒரே சட்டகமாக வைத்துப் பேசத் தொடங்கியது. இன்று துறையில் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள்.

கடன் இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். உலக வங்கிக் கடன், கடன் பத்திரம், தனியார் முதலீடு எல்லாமே இன்று வாங்கி நாளை கொடுப்பது. நாளை கொடுக்கும்போது அதே மூன்று பைகளில் ஒன்றில்தான் கையை விட வேண்டும். "தனியார் முதலீடு வரப்போகிறது" என்று யாராவது அறிவித்தால், "எந்தப் பையிலிருந்து திருப்பித் தருவீர்கள்?" என்று கேளுங்கள். பல திட்ட அறிக்கைகளில் அந்தப் பக்கம் மட்டும் மெலிசாக இருக்கும்.

கட்டணம் என்றால் பில் மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். சொந்தமாக ஆழ்துளைக் கிணறு போடுவது, தொட்டி வாங்குவது, கழிப்பறை கட்டுவது, லாரி தண்ணீர் வாங்குவது எல்லாம் குடும்பங்களின் செலவுதான். பல நாடுகளில் இதைக் கூட்டிப் பார்த்தால், அரசையும் உதவி நிறுவனங்களையும் தாண்டி முதலிடத்தில் நிற்பது குடும்பங்களே.

கட்டணத்தை வைத்தே ஒரு நீர் நிறுவனம் பிழைக்க முடியுமா?

முடியும். ஆனால் கட்டணத்தை ஏற்றுவது முதல் வேலை இல்லை. கம்போடியாவின் நோம்பென் நகரம் இதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம், சொல்லத் தக்கதும்கூட.

1993இல் எக் சோன் சான் அங்கே நீர் வாரியத்தின் தலைவரானபோது, சுத்திகரித்து அனுப்பிய தண்ணீரில் சுமார் 72 விழுக்காட்டுக்குக் காசு வரவில்லை. பாதி ஓட்டைக் குழாயில் போனது, மீதி கள்ள இணைப்பில் போனது. நகரத்தில் நான்கில் ஒரு பங்கு மக்களுக்குத்தான் குழாய்த் தண்ணீர், அதுவும் சில மணி நேரம். பில்லில் பாதிகூட வசூலாகவில்லை.

அவர் செய்தவை கேட்பதற்கு அவ்வளவு சுவாரசியமானவை இல்லை. வீடு வீடாகப் போய் யார் வாடிக்கையாளர் என்று பட்டியல் எடுத்தார்கள். எல்லா இணைப்புக்கும் மீட்டர் வைத்தார்கள். கள்ள இணைப்பைக் காட்டிக்கொடுத்தால் பரிசு, அதற்கு உடந்தையான ஊழியருக்கு வேலை போகும். பணம் கட்டாத பெரிய மனிதர்கள், அரசு அலுவலகங்கள் எல்லோருடைய இணைப்பையும் துண்டித்தார்கள். பணம் கட்ட மறுத்த ஒரு ராணுவ அதிகாரியின் வீட்டில் தன் நெற்றியில் துப்பாக்கி வைக்கப்பட்டதை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆட்களோடு திரும்பிப் போய் இணைப்பைத் துண்டித்தாராம்.

கட்டணத்தை மூன்று கட்டமாக உயர்த்தத் திட்டமிட்டிருந்தார்கள். இரண்டு கட்டத்திலேயே வருமானம் போதுமானதாகிவிட்டதால் மூன்றாவது தேவைப்படவில்லை. சுமார் பதினைந்து ஆண்டுகளில் நீர் இழப்பு 6 விழுக்காட்டை ஒட்டி இறங்கியது, 24 மணி நேரமும் தண்ணீர் வந்தது. 2012இல் அந்த நாட்டின் பங்குச் சந்தையில் பட்டியலான முதல் நிறுவனமே இந்த வாரியம்தான்.

இதைச் சொல்லும்போது மறைக்கக் கூடாத ஒன்று: தொடக்கத்தில் குழாய்களையும் நிலையங்களையும் புதுப்பிக்க வெளிநாட்டு மானியமும் மலிவுக் கடனும் நிறையவே வந்தன. அந்தப் பணம் இல்லாமல் ஒழுங்கு மட்டும் இருந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

ஏழைகளிடம் தண்ணீருக்குக் காசு வாங்குவது சரியா? தண்ணீர் உரிமை இல்லையா?

உரிமைதான். ஐநா பொதுச் சபை 2010 ஜூலையில் அப்படித் தீர்மானமே போட்டது. ஆனால் உரிமை என்றால் இலவசம் என்று அந்தத் தீர்மானத்துக்குப் பொருள் இல்லை. கட்டுப்படியாகும் விலை என்று பொருள்.

குழாய் எட்டாத குடிசைப் பகுதியில் ஒரு குடும்பம் தண்ணீருக்கு எவ்வளவு கொடுக்கிறது என்று பார்த்தால் இந்த விவாதம் வேறு மாதிரி போகும். ஜகார்த்தா, மணிலா, நைரோபி நகரங்களில் குடிசைவாசிகள் ஒரு லிட்டருக்கு, அதே ஊரின் வசதியான பகுதியில் இருப்பவரைவிட 5 முதல் 10 மடங்கு அதிகம் கொடுக்கிறார்கள் என்று 2006இல் ஐநா வளர்ச்சித் திட்டத்தின் மனித வளர்ச்சி அறிக்கை எழுதியது. குடத்தில் வாங்குகிறவருக்கு மானியம் கிடையாது. மானியம் குழாய் வழியே போகிறது, குழாய் யார் வீட்டில் இருக்கிறதோ அவருக்குத்தான் கிடைக்கும்.

உலக வங்கி 2019இல் 10 நாடுகளின் கணக்கை எடுத்துப் பார்த்தது. குடிநீர், கழிவுநீர் மானியத்தில் 56 விழுக்காடு மேல்தட்டின் ஐந்தில் ஒரு பங்கினருக்குப் போய்ச் சேர்ந்தது. அடித்தட்டின் ஐந்தில் ஒரு பங்கினருக்குக் கிடைத்தது 6 விழுக்காடு. "ஏழைகளுக்காகக் கட்டணத்தை ஏற்றவில்லை" என்ற வாசகத்தை அடுத்த முறை கேட்கும்போது இந்த இரண்டு எண்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அதற்காக மானியமே கூடாது என்று சொல்லவில்லை. சிலி நாட்டில் கட்டணம் செலவை ஒட்டியே இருக்கிறது; ஏழைக் குடும்பத்தின் பில்லில் ஒரு பங்கை அரசு நேராக நீர் நிறுவனத்துக்குக் கட்டிவிடுகிறது. தென்னாப்பிரிக்கா 2001 முதல் ஒரு குடும்பத்துக்கு மாதம் 6,000 லிட்டர் இலவசம் என்று கொள்கை வைத்தது. என்னைக் கேட்டால், எந்த நாடானாலும் முதலில் மானியம் தர வேண்டியது இணைப்புக் கட்டணத்துக்கு. மாத பில்லைச் சமாளிக்கும் குடும்பங்கள்கூட, ஒரே தவணையில் கட்டச் சொல்லும் அந்தப் பெரிய தொகையைப் பார்த்துத்தான் பின்வாங்குகின்றன.

அதிகம் பயன்படுத்தினால் அதிக விலை என்ற அடுக்குக் கட்டணம் ஏழைக்கு நல்லதுதானே?

காகிதத்தில் நல்லது. ஒரே மீட்டரில் ஐந்து குடித்தனங்கள் இருக்கும் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து குடும்பத்தின் தண்ணீரும் ஒரே கணக்கில் ஏறி, மாத நடுவிலேயே மேல் அடுக்குக்குப் போய்விடும். இரண்டு பேர் மட்டும் வசிக்கும் பங்களா கீழ் அடுக்கிலேயே சுகமாக இருக்கும். குடித்தனக் கணக்கைச் சேர்க்காமல் அடுக்கு போட்டால் இப்படித்தான் தலைகீழாகும்.

கட்டிய திட்டங்கள் சில வருடத்தில் ஏன் படுத்துவிடுகின்றன?

ஒரு அடிபம்பை மட்டும் எடுத்துக்கொள்வோம். முதல் வருடம் நாலு அடி அடித்தாலே தண்ணீர் கொட்டும். அப்புறம் பத்து அடி, பிறகு முப்பது. உள்ளே சிலிண்டரில் இருக்கும் வாஷர் தேய்ந்திருக்கும். வாஷர் விலை மிகக் குறைவு. ஆனால் அதை மாற்ற, ஆழக் கிணறாக இருந்தால், இரும்புக் குழாயை ஒவ்வொரு துண்டாக மேலே தூக்க வேண்டும். அதற்கு ஆட்கள் வேண்டும், கருவி வேண்டும், தெரிந்த மெக்கானிக் வேண்டும், அவர் வந்துபோகும் செலவு வேண்டும். பம்பை வைத்த அமைப்பு மூன்று வருடத்துக்கு முன்பே திட்டத்தை முடித்துக்கொண்டு போயிருக்கும்.

ஊர்க் குழுவின் வசூல் நோட்டைப் புரட்டினால் கதை தெளிவாகத் தெரியும். இப்படிப்பட்ட நோட்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் மூன்று மாதம் எல்லாப் பெயருக்கும் எதிரே டிக். நாலாவது மாதம் பாதி. பிறகு பக்கங்கள் காலி. பம்பு நன்றாக ஓடும்போது யாருக்கும் காசு கொடுக்கத் தோன்றாது. நின்ற பிறகு, தண்ணீர் வராத பம்புக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்று தோன்றும். இரண்டுமே மனித இயல்பு.

சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் அடிபம்புகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஓடாமல் நிற்பதாக 2009இல் மதிப்பிட்டார்கள். கென்யாவின் கிடுயி, குவாலே பகுதிகளில் ஃபண்டிஃபிக்ஸ் என்ற ஏற்பாடு இதை வேறு விதமாக அணுகியது. குழுவே ரிப்பேர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விடாமல், மாதச் சந்தா வாங்கிக்கொண்டு தொழில்முறை மெக்கானிக்குகளே எல்லாப் பம்பையும் கவனிக்கிறார்கள். ஒரு மாதம் போல நின்றுகிடந்த பம்புகள் மூன்று நாளுக்குள் ஓடத் தொடங்கின. சந்தா மட்டும் முழுச் செலவையும் ஈடுகட்டவில்லை. மீதியை ஓர் அறக்கட்டளை நிதி தருகிறது. கிராமப்புறத் தண்ணீருக்குப் பெரும்பாலும் இப்படித் தொடர்ந்து கொஞ்சம் வெளிப்பணம் வேண்டியிருக்கும். பத்து வருடத்தில் தானாக நின்றுவிடும் என்று திட்டத்தில் எழுதிவிட்டு, நிற்காதபோது ஊர்க்காரர்களைக் குறை சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

கழிப்பறை கட்ட அரசு பணம் தர வேண்டுமா, கூடாதா?

இதில் துறைக்குள்ளேயே நீண்ட சண்டை உண்டு. 1999–2000 வாக்கில் வங்கதேசத்தில் கமல் கர் தொடங்கிய முறை, கட்டுமான மானியம் எதுவும் தராமல், திறந்தவெளியில் மலம் கழிப்பது எப்படி எல்லோர் வாயிலும் போய்ச் சேர்கிறது என்று ஊரையே உணரவைத்து, அவரவர் செலவில் குழி தோண்டவைத்தது. பல நாடுகளுக்குப் பரவியது. மானியத்தில் கட்டி விறகு அடுக்கி வைத்திருக்கும் கழிப்பறைகளைப் பார்த்தவர்களுக்கு அதன் நியாயம் புரியும்.

ஆனால் மானியமே இல்லாத ஊரில் வசதியற்றவர் தோண்டிய குழி அடுத்த மழையில் இடிந்தால், அவர் மறுபடி வெளியேதான் போவார். மறுபடி தோண்டச் சொல்ல அவரிடம் என்ன இருக்கிறது? எல்லோருக்கும் ஒரே மானியம் என்பதும், யாருக்கும் இல்லை என்பதும் சோம்பேறித்தனமான கொள்கைகள்.

பெரிய பணம் இதற்கு அப்புறம்தான் வேண்டும். நகரங்களில் குழி நிரம்புகிறது, லாரி வருகிறது, உறிஞ்சுகிறது, போகிறது. எங்கே கொட்டுகிறது? முறையான சுத்திகரிப்பு நிலையம் தொலைவில் இருந்து, அங்கே கட்டணமும் கேட்டால், இருட்டில் வாய்க்காலில் கொட்டிவிட்டுப் போவதுதான் லாரிக்காரருக்கு லாபம். வீட்டுக்காரர் தன் வீட்டிலிருந்து அகற்றத்தான் காசு தருவார், ஊரின் வாய்க்காலைக் காப்பாற்றத் தரமாட்டார். அது வரியிலிருந்தோ பொதுக் கட்டணத்திலிருந்தோ வர வேண்டும். புர்கினா ஃபாசோவில் குடிநீர் பில்லோடு ஒரு சிறு துப்புரவுக் கட்டணத்தைச் சேர்த்து வசூலித்து, அதிலிருந்து வீட்டுக் கழிப்பறைகளுக்கு உதவினார்கள். தண்ணீர் பில்லைக் கட்டுகிறவர் இதையும் சேர்த்தே கட்டிவிடுவார். தனியாக வசூலிக்க ஆள் வேண்டாம்.

கடன் வாங்கிக் கட்டலாமா?

குழாய் நாற்பது ஐம்பது வருடம் உழைக்கும். அந்தச் செலவு முழுவதையும் இந்த வருட வரி கட்டுகிறவர் தலையில் வைப்பது நியாயமில்லை, ஆகவே கடன் வாங்குவது சரிதான். எந்த நாணயத்தில் வாங்குகிறோம் என்பதில்தான் கண்ணி இருக்கிறது.

மணிலாவில் 1997இல் நகரை இரண்டாகப் பிரித்து இரண்டு தனியார் நிறுவனங்களிடம் நீர் வழங்கலைக் கொடுத்தார்கள். பழைய அரசு வாரியத்தின் டாலர் கடனில் சுமார் 90 விழுக்காட்டை மேற்கு மண்டல நிறுவனம் ஏற்றுக்கொண்டது. அதே நேரத்தில் ஆசிய நிதி நெருக்கடி வந்தது. ஒரு டாலருக்கு 26 பெசோவாக இருந்தது அடுத்த ஆண்டே 40ஐத் தாண்டியது. மக்கள் பில் கட்டுவது பெசோவில், கடன் திருப்புவது டாலரில். அந்த நிறுவனம் 2003இல் நீதிமன்றத்தின் பாதுகாப்பைத் தேடிப் போனது.

உள்நாட்டு நாணயத்தில் திரட்டவும் வழி உண்டு. அகமதாபாத் மாநகராட்சி 1998இல் மாநில அரசின் உத்தரவாதம் இல்லாமலே 100 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டது. சின்ன ஊர்களால் தனியாக இப்படிச் சந்தைக்குப் போக முடியாது, யாரும் நம்பமாட்டார்கள். 2002இல் தமிழ்நாட்டில் ஒரு டஜனுக்கும் மேற்பட்ட சிறு உள்ளாட்சிகளின் குடிநீர், கழிவுநீர்த் திட்டங்களை ஒன்றாகச் சேர்த்து, ஒரே பொது நிதியின் பெயரில் 30.41 கோடி ரூபாய்க்கு 15 வருடப் பத்திரம் வெளியிட்டார்கள். அசலில் பாதிக்கு அமெரிக்க உதவி முகமை உத்தரவாதம் தந்தது. தொகை சின்னதுதான். ஆனால் குழாய் போடத் தரும் உதவிப் பணத்தை உத்தரவாதமாக மாற்றினால் உள்ளூர்ச் சேமிப்பை இழுக்கலாம் என்று காட்டியதால், மற்ற நாடுகளும் இதை எடுத்துப் படித்தன.

தனியாரிடம் கொடுத்துவிட்டால் பணப் பிரச்சினை தீருமா?

தீராது. பொலிவியாவின் கோச்சபம்பா நகரில் ஒப்பந்தம் கொடுத்த சில மாதங்களில் கட்டணம் எகிறியது. 2000 ஏப்ரலில் தெருப் போராட்டத்துக்குப் பின் ஒப்பந்தமே ரத்தானது. தனியாரால் சில இடங்களில் நிர்வாகம் மேம்பட்டிருக்கிறது, ஓட்டைகள் அடைபட்டிருக்கின்றன. பை மட்டும் அதே மூன்று பைதான்.

வெளிநாட்டு உதவியை எதற்குப் பயன்படுத்துவது புத்திசாலித்தனம்?

மற்ற இரண்டு பையும் போகாத இடத்துக்கு. தொலைதூர ஊர்கள், ஏழைகளின் இணைப்பு, கழிப்பறைக் கசடுச் சுத்திகரிப்பு. வேலை முடிந்து சரிபார்த்த பிறகு பணம் தரும் முறையும் உண்டு. கென்யாவில் சிறு நீர்த் திட்டங்களை நடத்தும் ஊர்க் குழுக்களுக்கு ஒரு நுண்கடன் வங்கி கடன் கொடுத்தது. கட்டி முடித்து, தண்ணீர் வருவதைப் பார்த்த பிறகு செலவில் 40 விழுக்காடு வரை மானியமாகக் கிடைத்தது. வங்கி தன் பணத்தைப் போட்டிருப்பதால், திட்டம் ஓடுமா என்று உதவி நிறுவனத்துக்கு முன்பே அதுவே துருவித் துருவிக் கேட்கும்.

கை கழுவுவதற்குப் பெரிய நிதி வேண்டுமா?

வேண்டாம், அதனால்தான் எரிச்சலாக இருக்கிறது. மிகக் குறைந்த வளர்ச்சியுள்ள 46 நாடுகளிலும் 2030க்குள் எல்லா வீட்டிலும் கை கழுவும் வசதி செய்ய மொத்தம் சுமார் 1,100 கோடி டாலர் போதும் என்று யுனிசெஃபும் உலக சுகாதார நிறுவனமும் 2021இல் கணக்கிட்டன. தலைக்கு ஆண்டுக்கு ஒரு டாலருக்கும் குறைவு. சுகாதாரத்தின் வேறு சில இடங்களில் செலவே செய்யாமல், வரி வாங்குவதை நிறுத்தினால் போதும்: சானிட்டரி நாப்கின் மீதான விற்பனை வரியைக் கென்யா 2004இல் நீக்கியது, இந்தியா 2018இல் நீக்கியது.

எங்கள் உள்ளாட்சியின் பட்ஜெட்டில் நான் எதைப் பார்க்க வேண்டும்?

ஒதுக்கிய தொகையைப் பார்த்து மகிழ வேண்டாம். போன வருடம் ஒதுக்கியதில் எவ்வளவு செலவானது என்று பாருங்கள். நிதியாண்டின் கடைசி மாதங்களில் பணம் வந்து, டெண்டர் விடுவதற்குள் வருடம் முடிந்து, செலவழிக்காமல் திரும்பிப் போவது சர்வ சாதாரணம். "நிதி இல்லை" என்பதில் ஒரு பகுதி இதுதான்.

அடுத்து, புதிய பணிகளுக்கும் பராமரிப்புக்கும் தனித்தனித் தலைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் ஒரே தலைப்பில் இருந்தால் பராமரிப்பை விழுங்கியிருப்பார்கள். மூன்றாவது, மோட்டாருக்கான மின்கட்டணப் பாக்கி எவ்வளவு என்று கேளுங்கள். நீர் நிறுவனத்தின் உடம்பு எப்படி இருக்கிறது என்பதைத் தணிக்கை அறிக்கைக்கு முன்பே அந்தப் பாக்கி சொல்லிவிடும். நாலாவது, அனுப்பிய தண்ணீருக்கும் பில் போட்ட தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம். மீட்டர் இல்லாத இடத்தில் இதற்கு ஒரு குத்துமதிப்பான எண் சொல்வார்கள். எந்த மாதம், யார் அளந்தது என்று கேட்டால் ஃபைலை மூடிவிட்டு "அடுத்த வாரம் வாருங்கள்" என்பார்கள். அடுத்த வாரம் போங்கள்.